உங்களுக்கு எதற்கு ஷோகேஸ்?

(ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை, உலக பிரெய்ல் தினத்தை ஒட்டி நம் குடியிருப்பின் கூடத்தில் நடந்த கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, “தன்னம்பிக்கை பற்றி இருபது நிமிஷம் பேசுங்க டீச்சர்” என்றார். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேச மதுரையில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நான் வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கண் தெரியாதவர் வீட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது, ஏன் என்று. அதைச் சொன்னால் நம் சங்கத்துக்கு ஒரு வேலையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லாமல் இல்லை. மாலைக்கண் மாதிரித் தொடங்கி, ஓரங்கள் சுருங்கிச் சுருங்கி, 38 வயதில் முழுக்கப் போனது. விழித்திரை நோய். இதைச் சொன்னதும் மதுரையில் எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: “அரவிந்த்ல காட்டினீங்களா?” 1976-இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி, ஊருக்கே அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டது. காட்டியாயிற்று. பார்வையிழப்பு எல்லாமே கண்புரை இல்லை, அவ்வளவுதான்.

இந்த வீட்டுக்கு வந்தபோது ஆசாரி கேட்டார்: “உங்களுக்கு எதுக்கும்மா ஷோகேஸ்? அந்த இடத்துல அலமாரி அடிச்சா நாலு சாமான் வைக்கலாம்ல?” எலக்ட்ரீஷியன் ஹாலில் எத்தனை விளக்கு என்று கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். தப்பாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்கள். கண் தெரியாதவருக்கு அழகு எதற்கு, உபயோகம் இருந்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். பொன்னாடை போர்த்தும் கூட்டங்களில் எங்களுக்குக் கிடைக்கும் பரிசைப் பாருங்கள்: மடக்குக் கோல், பேசும் கடிகாரம், பிளாஸ்க். என்னிடம் பிளாஸ்க் மட்டும் ஆறு இருக்கிறது.

அந்த எண்ணத்தில் பாதி சரி. முதலில் அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி உண்டு. கத்திரிக்கோல் இரண்டாவது இழுப்பறை, வலது மூலை. வேறு எங்கே இருந்தாலும் அது தொலைந்தது மாதிரிதான். உங்களுக்கு மேஜை மேல் கண்ணில் படும், எனக்குப் படாது. அதனால் வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளும் ஒரு முகவரியைப் பிடித்துக்கொள்கிறது, அதை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. பத்துக் கண்ணாடி பொம்மைகள் என்றால் பத்து முகவரி. அதுவும் டீப்பாய் மேல், கை போகும் உயரத்தில். ஒரே மாதிரியான டப்பாக்கள் வரிசையாக அடுக்கிய சமையலறை உங்களுக்கு அழகு. எனக்கு அது பன்னிரண்டு புதிர். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு. துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் கை சொல்லிவிடும். மைதாவும் அரிசிமாவும் மூடியைத் திறந்து விரலில் தேய்த்தால்தான் தெரியும். அதனால் அரிசிமாவுக்குப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பார்க்க ஒன்றுக்கொன்று சேராது. என் மகள் இன்னமும் முகம் சுளிப்பாள் என்று நினைக்கிறேன், சுளிக்கிற சத்தம் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உபயோகச் சாமான் என்று நீங்கள் வாங்கும் பலதும் இப்போது அலங்காரச் சாமானாகிவிட்டது. மிக்ஸியின் குமிழைத் திருப்பினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கைக்குத் தெரியும். கேஸ் அடுப்பு சத்தத்திலேயே பேசும். இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே வழுவழுவென்று கண்ணாடி. எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி. வாஷிங் மெஷினும் அப்படியே ஆகிவிட்டது. பொத்தான்களை எடுத்ததில் வேலை எதுவும் சுலபமாகவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் எடுத்தார்கள். ஒரு கடையில் குமிழ் வைத்த அடுப்பு கேட்டேன். “அதெல்லாம் பழசும்மா, இப்ப யாரு வாங்குறா?” என்றார் கடைக்காரர். நான் வாங்குகிறேன், எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உடனே யாராவது கேட்பீர்கள்: டீச்சர், உங்கள் கையில் இருக்கும் போனும் வழுவழு கண்ணாடிதானே? நல்ல கேள்வி. என் வீட்டிலேயே அதிகம் உழைக்கும் பொருள் அதுதான். 2009-இல் ஆப்பிள் கம்பெனி ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற வசதியைச் சேர்த்தது. ஆண்ட்ராய்டில் அதற்கு டாக்பேக் என்று பெயர். ஒரு தடவை தொட்டால் அது என்ன என்று வாயால் சொல்லும். இரண்டு தடவை தட்டினால்தான் வேலை செய்யும். ஆகவே கண்ணாடி வழுவழுப்பாக இருப்பது எனக்குப் பிரச்சினையே இல்லை. ஊமையாக இருப்பதும், தேடும்போதே வேலையைத் தொடங்கிவிடுவதும்தான் பிரச்சினை. இந்த இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், லிப்டுக்கு வரும்போது வேண்டும்.

இன்றைக்கு பிரெய்ல் தினம். லூயி பிரெய்ல் 1809 ஜனவரி 4-இல் பிறந்தவர். அவர் படித்த பாரிஸ் பள்ளியிலும் நடந்தது இதே சண்டைதான். அந்தப் பள்ளியைத் தொடங்கிய வாலன்டின் ஆவி, பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் புத்தகம் அச்சிட்டார். சாதாரண பிரெஞ்சு எழுத்துகளையே பெரிதாக, காகிதத்தில் புடைக்க வைத்து. பார்வையாளர்கள் வந்து பார்த்தால் அழகாக இருக்கும், அவர்களாலும் படிக்க முடியும். விரலுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. வளைவும் கொம்புமாக ஒவ்வொரு எழுத்தையும் தடவித் தடவிப் போக வேண்டும். புத்தகமோ தூக்க முடியாத கனம். பிரெய்ல் ஆறு புள்ளிக்குள் எல்லாவற்றையும் அடக்கினார். ஒரு விரல் நுனிக்குள் ஓர் எழுத்து. 1829-இல் அதை வெளியிட்டார். கண்ணுள்ள ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, அவர்களால் படிக்க முடியவில்லையே! பிரான்ஸ் அதை முறைப்படி ஏற்றுக்கொண்டது 1854-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து. நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் வந்தது. வரலாற்று டீச்சர் என்பதால் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். யாருக்கு அழகு, யாருக்கு உபயோகம் என்று பிரித்துப் பார்க்காமல் செய்த நல்ல காரியம் எப்படிப் போகும் என்பதற்கு இதைவிட எனக்கு உதாரணம் தெரியவில்லை.

அடுத்தது பணம். 2016 நவம்பருக்கு முன்னால் ரூபாய் நோட்டுகளின் நீளம் என் கைக்கு அத்துப்படி. பழைய 500 ரூபாய் 167 மில்லிமீட்டர் நீளம். புதியது 150. புதிய 100 ரூபாய்க்கும் 200 ரூபாய்க்கும் நீளத்தில் வித்தியாசம் 4 மில்லிமீட்டர். பஸ்ஸில் நின்றுகொண்டு 4 மில்லிமீட்டரை அளந்து பாருங்கள். ஓரத்தில் சாய்வான புடைப்புக் கோடுகள் இருக்கின்றன: 100-க்கு நான்கு, 500-க்கு ஐந்து. புது நோட்டில் விரலுக்குத் தெரியும். நம் பழக்கடை அண்ணன் கையில் நாலு மாதம் புரண்ட நோட்டில் ஒன்றும் இருக்காது. ரிசர்வ் வங்கி 2020-இல் ‘மணி’ என்று ஒரு செயலி விட்டது, கேமராவில் காட்டினால் நோட்டு எவ்வளவு என்று சொல்லும். நல்ல விஷயம். ஆனால் சிம்மக்கல் பஸ் ஸ்டாப்பில் நின்று, ஒரு கையில் கோல், ஒரு கையில் நோட்டு, போனை எந்தக் கையில் பிடிப்பது? ஒழுங்காகச் செய்தது 2019-இல் வந்த 20 ரூபாய் நாணயம். பன்னிரண்டு பக்கம். தொட்ட உடனே தெரியும். அதைப் பார்க்க எப்படி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கையில் நன்றாக இருக்கிறது.

சரி, தப்பான பாதிக்கு வருகிறேன்.

எங்களுக்கு அலங்காரம் வேண்டாம் என்பது உண்மை இல்லை. அலங்காரம் வேறு இடத்துக்குக் குடிபோய்விடுகிறது. சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ச் சரக்கு, 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கியது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சுங்குடியில், முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி மெல்ல எழும்பி நிற்கும். ஒவ்வொரு புள்ளியும் விரலுக்குக் கிடைக்கும். பலமுறை துவைத்து இஸ்திரி போட்டால் அடங்கிவிடும். அதனால் நான் புதிதாக இருக்கும்போதே ஆசை தீரத் தடவிவிடுவேன். அச்சில் புள்ளி வைத்த சேலையில் எனக்கு ஒன்றுமே இல்லை. வெறும் துணி. கடையில் அதைச் சுங்குடி என்று கொடுத்தால் உங்களில் சிலர் ஏமாறலாம். என்னை ஏமாற்ற முடியாது.

கண்ணாடி வளையல் சத்தத்துக்காக. மல்லிகை வாசனைக்காக, அதை நான் சொல்லவே வேண்டாம். வாசலில் ஒரு பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூப்போட்டு வைத்திருக்கிறேன். விளிம்பில் நகம் பட்டால் நீளமாக ஒரு நாதம் வரும், அதற்காகவே வாங்கினேன். பாத்திரக்கடையில் எட்டு உருளியைத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன், கடைப்பையன் பொறுமைசாலி. இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில், மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரத்துப் பக்கம், இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒரே கல்லில் 22 சிறு தூண்களாகச் செதுக்கியது. பார்ப்பதற்கு மட்டும் கல்லைச் செதுக்கினால் போதாது என்று நினைத்த சிற்பி அவர்.

பொருட்காட்சிச்சாலைகளில் எங்களுக்கு நேர்வது இதற்கு நேர்மாறு. எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள், தொடாதே என்று பலகை. இத்தாலியில் அங்கோனா நகரத்தில் ஆல்டோ கிராசினி, டேனியலா பொட்டேகோனி என்று ஒரு தம்பதி, இருவருக்குமே பார்வை இல்லை. ஊர் ஊராகப் போய் எதையும் தொட விடாததில் வெறுத்துப்போய், தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று கிளம்பினார்கள். 1993-இல் அது திறந்தது, ஓமேரோ அருங்காட்சியகம் என்று பெயர். பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் கிரேக்கக் கவி ஹோமரின் பெயர். உபயோகச் சாமான் கேட்டு அவர்கள் இத்தனை பாடுபடவில்லை. சிலைகளுக்காகப் பாடுபட்டார்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடம். விரலுக்கும் ஒன்றுமில்லை, காதுக்கும் ஒன்றுமில்லை, ஆனாலும் வீட்டில் இருக்கிற பொருட்கள். என் கல்யாண போட்டோ ஹாலில் மாட்டியிருக்கிறது. எனக்கு அது ஒரு சட்டம் போட்ட கண்ணாடி, ஜன்னல் கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. வாரம் ஒருமுறை நானேதான் துடைப்பேன், மகளை விட மாட்டேன். அது என்ன வகை? உபயோகமா, அலங்காரமா? அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1955-இல் தேசிய நூலகத்துக்கு அவரை இயக்குநராக்கினார்கள். அதற்குள் அவருக்குப் படிக்கும் பார்வை போய்விட்டது. ஆனாலும் புத்தகம் வாங்குவதை அவர் விடவில்லை. யாரோ ஒரு ஜெர்மன் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளைப் பரிசளித்தார்களாம். படிக்க முடியாது. ஆனால் அவை வீட்டில் இருக்கின்றன என்பதே ஒரு சந்தோஷமாக இருக்கிறது என்று 1978-இல் ஓர் உரையில் சொன்னார். பணக்கார எழுத்தாளருக்குச் சரி, டீச்சர் பென்ஷனில் அது கட்டுமா என்று என் அக்கா கேட்பாள். கல்யாண போட்டோவுக்குச் செலவு ஒன்றுமில்லையே என்பேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இது பார்த்து இழந்தவளின் கணக்கு. என் சேலைகளின் நிறம் இன்னும் எனக்கு நிறமாகவே இருக்கிறது. மாம்பழ மஞ்சள் என்றால் எனக்குள் அது தெரியும். பிறவியிலேயே பார்வையில்லாத தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளும் ரவிக்கை நிறம் சேர்கிறதா என்று கேட்டுத்தான் கட்டுவாள். ஆனால் அவளுக்கு அது பார்க்கிறவர்களுக்குச் செய்கிற மரியாதை, நாம் சபையில் கும்பிடு போடுவது மாதிரி. நிறம் இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் இருவர் வீட்டையும் பார்த்தால் ஒரே மாதிரி இருக்காது. பார்வையற்றவர்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று யாராவது பட்டியல் கொடுத்தால் நம்பாதீர்கள், நான் கொடுத்தாலும்.

வெள்ளைக் கோலைப் பாருங்கள். 1921-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் விபத்தில் பார்வை இழந்தார். வண்டிக்காரர்கள் கண்ணில் பட வேண்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். கோலின் நுனி எனக்கு, தரையின் சத்தம் சொல்ல. அதன் வெள்ளை உங்களுக்கு. என் வீட்டு ஹால் விளக்குகளும் அப்படித்தான்: சாயங்காலம் நீங்கள் வந்தால் இருட்டில் உட்கார வைக்கவா?

இனி சங்கத்து வேலை. முகப்பைப் புதுப்பிக்கப்போகிறோம், சுற்றறிக்கையை என் போன் படித்துக் காட்டியது. நீரூற்று, கண்ணாடி மாதிரி பாலிஷ் தரை, இரண்டு பக்கமும் சிலைகள், லிப்டுக்குத் தொடுதிரைப் பலகை. “டீச்சர் நீரூற்றை எதிர்ப்பாங்க, அவங்களுக்கு அது தண்டச் செலவுதானே” என்று கமிட்டியில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. நான் எதிர்க்கவில்லை. நீரூற்றுக்கு என் ஓட்டு உண்டு. ஆட்டோவை விட்டு இறங்கியதும் நம் முகப்பு எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்ல இப்போது ஒன்றுமே இல்லை. தெருவிலிருந்து வரும்போது பழக்கடை வாசனை, பிறகு காபித்தூள் அரைக்கிற கடை, அதோடு வழிகாட்டி முடிந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் ஒரே இடத்தில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே, என் விஷயத்தில் மூடாமலே, நேராக வந்துவிடுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல் நிறுத்த வேண்டும் என்றால் நிறுத்துங்கள். நான் அப்போது வெளியே போவதில்லை.

சிலைகள் சுவரோடு ஒட்டி இருக்கட்டும், நடுவழியில் வேண்டாம். அதோடு அவற்றைத் தொட விட வேண்டும். பாலிஷ் தரை வேண்டாம் என்பேன். எனக்காக இல்லை, ஏ பிளாக்கில் எண்பது வயதுக்காரர்கள் நால்வர் இருக்கிறார்கள், ஈரத்தில் அந்தத் தரை வழுக்கும்.

லிப்டுப் பலகைக்கு மட்டும் நான் எதிர்ப்பு. காரணத்தை முன்னாலேயே சொன்னேன். மேடான பொத்தான் என்றால் விரலால் தேடி, கண்டுபிடித்து, பிறகு அழுத்தலாம். தொடுதிரையில் தேடுவதே அழுத்துவது. நான் என் மாடியைத் தேடி முடிப்பதற்குள் எல்லா மாடிக்கும் லிப்ட் நிற்கும், உள்ளே இருக்கிற நீங்களும் என்னோடு எல்லா மாடியையும் தரிசிப்பீர்கள். நாம் வேறு ஊரில் இருந்து ஒன்றும் இறக்க வேண்டியதில்லை. மத்திய அரசின் 2021 அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளிலேயே லிப்டுக்கு பிரெய்ல் பொத்தானும் மாடியைச் சொல்லும் குரலும் இருக்கின்றன. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த விதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று அரசுக்குச் சொல்லியிருக்கிறது. வழக்குப் போட்ட ரதூரியும் பார்வையற்றவர்தான். போட்டது 2005-இல். நான் சட்டத்தைக் காட்டி மிரட்ட வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியாகக் கேட்கிறேன்.

பொதுக்குழு பிப்ரவரி 8, ஞாயிறு காலை பத்தரை. லிப்ட் கம்பெனி கொண்டுவந்து வைத்த மாதிரிப் பலகை சங்க ஆபீஸ் மேஜையில் இருக்கிறதாம். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் போய், கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மாடியைத் தேடிப் பாருங்கள். தாழ்வாரத்தில் செருப்பு ஸ்டாண்டு பற்றியும் பேசலாம் என்று இருந்தேன், நேரமாகிவிட்டது என்று செயலாளர் சார் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்கிறது.